உடம்பில் ஒட்டுவதும் ஒட்டாததும்

பதினெட்டு வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்தில் மனித உடல் உயரத்தில் வளர்வதை நிறுத்திவிடுகிறது, எடையில் நிறுத்துவதில்லை. பள்ளி நாள்களில் ஏறத்தாழ ஒரே உடல்வாகுடன் இருந்த இருவர் கல்லூரி, விடுதி, முதல் வேலை, திருமணம் என்று கடந்து முப்பதை எட்டும்போது, ஒருவர் பத்துப் பதினைந்து கிலோ கூடியும் மற்றவர் முன்போலவே மெலிந்தும் நிற்பதை எந்தக் குடும்பத்திலும் காணலாம். இந்த வேறுபாட்டுக்குத் தமிழ்நாட்டு வீடுகளில் இரண்டு விளக்கங்கள் வழங்கிவருகின்றன. மெலிந்தவரைப் பற்றி, எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டவில்லை என்பார்கள். பருத்தவரைப் பற்றி, பெரும்பாலும் அவர் காதுபடவே, வாயைக் கட்டத் தெரியாதவர் என்பார்கள். முதல் விளக்கம் உடலின் இயல்பைக் காரணமாகச் சொல்கிறது. இரண்டாவது மனிதரின் குணத்தைக் குற்றமாகச் சுட்டுகிறது. ஒரே நிகழ்வின் இரு முனைகளுக்கு இப்படி இரு வேறு தீர்ப்புகள் வழங்குவதற்கு உடலியலில் இடமில்லை என்பதை, கடந்த நாற்பது ஆண்டுகளில் திரண்டுள்ள மரபியல் ஆய்வுகளும் ஹார்மோன் ஆய்வுகளும் தெளிவாகக் காட்டுகின்றன.

அமெரிக்காவிலிருந்து வெளிவரும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் 1990ஆம் ஆண்டு மே மாதத்தில் அடுத்தடுத்த பக்கங்களில் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து இந்த வரலாற்றைத் தொடங்குவது பொருத்தம். முதலாவது, கனடாவின் கியூபெக் நகரில் கிளோட் பூஷார் தலைமையில் நடந்தது. ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்து, மரபணுக்களில் ஒருவர் மற்றவரின் படியாகவே அமைந்த இரட்டையர்களான 12 இணை இளைஞர்களுக்கு, நூறு நாள் காலத்தில் வாரத்துக்கு ஆறு நாள் வீதம், அவர்களுடைய தேவைக்கு மேல் ஒவ்வொரு நாளும் 1,000 கலோரி கூடுதலாக உணவு தரப்பட்டது. எல்லோரும் உண்ட மிகை ஒரே அளவு. எடையோ ஒருவருக்கு 4.3 கிலோவும் இன்னொருவருக்கு 13.3 கிலோவும் கூடியது. ஒட்டவில்லை என்ற பேச்சில் உண்மை இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது. ஆனால் இந்தச் சோதனையின் உயிர்நாடி வேறோர் இடத்தில் இருந்தது. எடை கூடிய அளவில் ஓர் இணைக்கும் மற்றோர் இணைக்கும் இடையே காணப்பட்ட வேறுபாடு, ஓர் இணைக்குள் இருந்த வேறுபாட்டைப் போல மூன்று மடங்காக இருந்தது. கொழுப்பு வயிற்றில் சேர்ந்ததா, இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்ததா என்பதிலும் இரட்டையர் ஒருவரையொருவர் ஒத்திருந்தனர்.

அடுத்த ஆய்வு ஸ்வீடன் நாட்டு இரட்டையர் பதிவேட்டை அடிப்படையாகக் கொண்டது. சிறு வயதிலேயே பிரிக்கப்பட்டு வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த ஒருகரு இரட்டையர்கள், வளர்ந்தபின் எடையில் ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையான ஒற்றுமையுடன் இருந்தார்கள் என்று ஆல்பர்ட் ஸ்டங்கார்டும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டனர். நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆராய்ந்து, அவர்களுடைய பருமன் பெற்ற தாய்தந்தையரின் பருமனோடுதான் ஒத்துப்போகிறது, வளர்த்தவர்களின் பருமனோடு ஒத்துப்போகவில்லை என்று ஸ்டங்கார்ட் காட்டியிருந்தார். எடை வேறுபாட்டில் மரபின் பங்கு 40 முதல் 70 விழுக்காடு வரை என்று இன்று பொதுவாகச் சொல்லப்படுவது இத்தகைய ஆய்வுகளிலிருந்து வந்த மதிப்பீடு.

இந்த எண் மிக எளிதில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. மரபின் பங்கு 70 விழுக்காடு என்றால், 80 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் 56 கிலோ மரபணுவால் வந்தது, எஞ்சிய 24 கிலோ உணவால் வந்தது என்று பொருளாகாது. ஏறத்தாழ ஒரே சூழலில் வாழும் ஒரு மக்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையே தென்படும் வேறுபாட்டில் எவ்வளவு பகுதியை மரபணு வேறுபாட்டால் விளக்கலாம் என்பதையே அது குறிக்கிறது. பல ரக நெல்லை ஒரே வயலில் விதைத்தால் கதிர்களின் வேறுபாட்டுக்கு விதையே பெரும் காரணமாகும். அதே ரகங்களை வாய்க்கால் நீர் பாயும் வயலில் ஒருமுறையும் வானம் பார்த்த பூமியில் ஒருமுறையும் விதைத்தால், இரண்டு வயல்களின் மொத்த விளைச்சல் வேறுபாட்டுக்கு விதையைக் குறை சொல்ல முடியாது. எடையைப் பொறுத்தவரை விதையும் நிலமும் சேர்ந்து செயல்படும் இடம் மூளை என்பதும், அவற்றை இணைப்பவை ஹார்மோன்கள் என்பதும் ஒரு சுண்டெலியிலிருந்து தெரியவந்தன.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்னும் ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில், 1949ஆம் ஆண்டில், வளர்க்கப்பட்டுவந்த எலிகளுக்கிடையே அளவுக்கு மீறிப் பருத்த சில குட்டிகள் தோன்றின. ஓயாமல் தின்று, இயல்பான எலியைப் போல மூன்று மடங்கு எடை வரை பெருத்த அவை, ஒரே ஒரு மரபணுவின் பழுதால் அப்படி ஆயின என்பது இனக்கலப்பின் மூலம் தெரிந்தது. பின்னர் அதே ஆய்வகத்தில், பருமனோடு கடும் நீரிழிவும் கொண்ட இன்னொரு வகை எலியும் கிடைத்தது. டக்ளஸ் கோல்மன் என்ற ஆய்வாளர் இவ்விரு வகை எலிகளையும் இயல்பான எலிகளோடு அறுவை மூலம் இணைத்து, ஒன்றன் இரத்தத்தில் உள்ள பொருள் மற்றதன் உடலுக்குள் செல்லுமாறு செய்தார். முதல் வகைப் பருத்த எலி, இயல்பான எலியோடு இணைக்கப்பட்டபோது, குறைவாகத் தின்று மெலிந்தது. இரண்டாம் வகை எலியோடு இணைக்கப்பட்ட இயல்பான எலியோ, உணவு எதிரிலிருந்தும் தின்னாமல் பட்டினி கிடந்து இறந்தது. போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் ஓடுகிறது, முதல் வகை எலிக்கு அந்தப் பொருளைச் சுரக்கும் ஆற்றல் இல்லை, இரண்டாம் வகை அதை மிகுதியாகச் சுரந்தும் அதன் சொல்லைக் கேட்கும் ஆற்றலை இழந்திருக்கிறது என்று கோல்மன் முடிவுகட்டினார். அந்தப் பொருள் என்னவென்று தெரியாமலே, அதன் விளைவுகளை மட்டும் வைத்து அவர் எட்டிய இந்த முடிவு, உயிரியல் வரலாற்றில் தூய தருக்கம் ஈட்டிய பெரிய வெற்றிகளுள் ஒன்று.

பொருளைக் கண்டுபிடிக்க மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் 1994ஆம் ஆண்டு அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தனர். அது உருவாக்கும் ஹார்மோனுக்கு, மெலிவு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து லெப்டின் என்று பெயரிட்டனர். அதைச் சுரப்பது கொழுப்புத் திசு என்பதே அனைவரையும் வியக்கவைத்தது. அதுவரை எண்ணெய்ப் பீப்பாய்போல் கருதப்பட்டுவந்த கொழுப்பு, தன் இருப்பு எவ்வளவு என்பதை மூளைக்கு ஓயாமல் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு சுரப்பியாக அன்று முதல் அறியப்பட்டது. அந்தக் கணக்கைக் கேட்கும் இடம் ஹைபோதலாமஸ்; மூளையின் அடிப்பகுதியில் அமைந்து, பசி, தாகம், உடல்வெப்பம் ஆகியவற்றை ஆளும் சிறு பகுதி அது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் ஓ'ராஹிலியும் சதாஃப் ஃபரூக்கியும் அடங்கிய குழு, 1997ஆம் ஆண்டு, இரத்த உறவுக்குள் மணம் நிகழ்ந்த ஒரு குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு குழந்தைகளிடம் இதே லெப்டின் மரபணு பழுதுபட்டிருப்பதைக் கண்டறிந்தது. எட்டு வயதில் 86 கிலோ, இரண்டு வயதில் 29 கிலோ என்பவை அவர்களுடைய எடைகள். அவர்களுக்கு ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட லெப்டின் ஊசி தரப்பட்டபோது எடை இறங்கியது. அதற்கு முன்பே பசி இறங்கியது. ஒரே வேளையில் 1,000 கலோரிக்கு மேல் உண்ட குழந்தை, ஊசி தொடங்கிய சில நாள்களில் 180 கலோரி அளவோடு தானாகவே கையை எடுத்துவிட்டது. அந்தக் குழந்தைக்கு யாரும் கட்டுப்பாடு கற்பிக்கவில்லை. இல்லாதிருந்த ஒரு புரதம் தரப்பட்டது, அவ்வளவே. பெருந்தீனி என்று ஊரார் பெயரிட்ட ஒன்று, உடலுக்கு வந்துசேராத ஒரு செய்தியின் விளைவாக இருக்கக்கூடும் என்பதை இந்த நிகழ்வு மறுக்கமுடியாதபடி நிறுவியது.

ஆயினும் இப்படி ஒற்றை மரபணுவின் பழுதால் பருத்தவர்கள் உலகில் மிகச் சிலரே. பெரும்பாலோரிடம் நிகழ்வது நூற்றுக்கணக்கான சிறு மரபணு வேறுபாடுகளின் கூட்டு விளைவு. அவற்றுள் மிகவும் அறியப்பட்டது, 16ஆம் குரோமோசோமில் எஃப்.டி.ஓ. என்ற மரபணுவுக்குள் அமைந்த ஒரு வேறுபாடு. ஐரோப்பியர் ஏறத்தாழ 39,000 பேரை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டு வெளியான கட்டுரை, தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் இந்த வடிவத்தைப் பெற்றவர்கள், இருவரிடமிருந்தும் பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடையுடன் இருப்பதைக் காட்டியது. அந்த மக்களில் சுமார் ஆறில் ஒருவர் அத்தகையவர். இந்த வடிவத்தைப் பெற்றவர்களிடம் உடல் எரிக்கும் ஆற்றலைவிட உண்ணும் நாட்டமே மாறுபடுகிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. பருமனோடு தொடர்புடைய மரபணுக்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோதும், அவற்றுள் பல மூளையிலேயே செயல்படுபவை என்று தெரிந்தது. ஆகவே, மரபணு கொழுப்பை நேரடியாகக் கூட்டுகிறது என்பதைவிட, பசி எவ்வளவு விரைவில் எழுகிறது, நிறைவு எவ்வளவு தாமதமாக வருகிறது, இனிப்பைக் கண்டால் மனம் எவ்வளவு இழுக்கப்படுகிறது என்பவற்றின் அளவுகோலை அது நகர்த்திவைக்கிறது என்று சொல்வதே உண்மைக்கு நெருக்கமானது.

இளமைப் பருவம் இங்கே தனி இடம் பெறுகிறது. 2019ஆம் ஆண்டு அமித் கெரா, சேகர் கதிரேசன் ஆகியோரின் குழு, 21 லட்சம் மரபணு வேறுபாடுகளைக் கூட்டிக் கணக்கிட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் அமைத்தது. மிகக் கூடுதலான மதிப்பெண் பெற்ற பத்தில் ஒரு பங்கினருக்கும் மிகக் குறைவான மதிப்பெண் பெற்ற பத்தில் ஒரு பங்கினருக்கும் பிறக்கும்போது இருந்த எடை வேறுபாடு 60 கிராம். பதினெட்டு வயதில் அது 12 கிலோவாக விரிந்திருந்தது. கருவில் எழுதப்பட்டது, பள்ளிப் பருவம் முழுதும் மெல்ல விரிந்து, வாலிபத்தின் வாசலில் முழு உருவம் கொள்கிறது. எனினும் மிகக் கூடுதலான மதிப்பெண் பெற்றவர்களிலும் ஏறத்தாழ ஆறில் ஒருவர் இயல்பான எடையுடன் இருந்தார் என்பதை அதே ஆய்வு பதிவுசெய்துள்ளது. எழுதப்பட்டது விதியாக இருந்தால் அந்த ஆறில் ஒருவர் இருந்திருக்க முடியாது.

எஃப்.டி.ஓ. மரபணுவின் கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரில் தலைமுறைகளாக நடந்துவரும் இதயநோய் ஆய்வின் பதிவுகளை 2014ஆம் ஆண்டு அலசியவர்கள், 1942ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்தவர்களிடம் மட்டுமே இந்த மரபணு வடிவத்துக்கும் எடைக்கும் தொடர்பு தென்படுவதைக் கண்டனர். அதற்கு முன் பிறந்தவர்களிடமும் அதே மரபணு இருந்தது. ஆனால் அது வெளிப்படுவதற்கு வேண்டிய மலிவான, இனிப்பான, எங்கும் கிடைக்கும் உணவும், கைகால்களுக்கு வேலை குறைந்த வாழ்க்கையும் அவர்களுக்கு வாய்த்திருக்கவில்லை. மரபணுவா வாழ்க்கை முறையா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியே பொருளற்றது என்பதற்கு இந்த ஒரு கண்டுபிடிப்பு போதும்.

ஹார்மோன்களிடம் திரும்பினால், லெப்டின் கண்டுபிடிக்கப்பட்டவுடன் எழுந்த பெரிய நம்பிக்கை விரைவில் சரிந்ததைக் குறிப்பிடவேண்டும். பருத்தவர்களுக்கு லெப்டின் குறைவாக இருக்கும், ஊசி போட்டால் மெலிவார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டது. அளந்து பார்த்தபோது அவர்களுடைய இரத்தத்தில் அது மிகுதியாகவே இருந்தது. கொழுப்பு மிகுந்தால் அதன் குரலும் மிகுகிறது, மூளையோ அந்தக் குரலுக்குப் பழகிச் செவி மந்தமாகிறது. இதற்கு எதிர்த்திசையில் செயல்படுவது, 1999ஆம் ஆண்டு ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்ட கிரெலின். வெறும் வயிற்றில் இரைப்பையிலிருந்து சுரந்து, உணவு வேளை நெருங்கும்போது உயர்ந்து, உண்டபின் தணிவது அது. இவ்விரண்டின் சமநிலை இளைஞர்களிடம் எவ்வளவு எளிதில் குலைகிறது என்பதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சராசரி 22 வயதுடைய 12 ஆண்களை வைத்து நடத்தி, 2004ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வு காட்டியது. இரவுக்கு நான்கு மணி நேரம் என்று இரண்டே இரவுகள் தூக்கத்தைக் குறைத்தபோது, பத்து மணி நேரம் படுக்கையில் இருந்த நாள்களோடு ஒப்பிட, லெப்டின் 18 விழுக்காடு இறங்கியது, கிரெலின் 28 விழுக்காடு ஏறியது, பசி 24 விழுக்காடு கூடியது. பங்கேற்றவர்கள் மிகச் சிலர்தான் என்றாலும், தேர்வுக்குக் கண்விழிக்கும் மாணவருக்கும் இரவுப் பணி முறையில் வேலைசெய்யும் இளைஞருக்கும் விடியற்காலையில் எழும் பசி வெறும் நாக்கின் ஆசை அல்ல என்பதை அது உணர்த்துகிறது.

இளம்பெண்களைப் பொறுத்தவரை, சினைப்பை நீர்க்கட்டி என்று வழங்கும் பி.சி.ஓ.எஸ். நிலையைத் தனியாகக் கருதவேண்டும். இரத்தச் சர்க்கரையைத் திசுக்களுக்குள் செலுத்தும் ஹார்மோனான இன்சுலினுக்குத் திசுக்கள் சரிவர இணங்காதபோது, கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்தன்மை ஹார்மோன்களை மிகுதிப்படுத்துகிறது. அதனால் மாதவிடாய் தவறுகிறது, முகத்தில் முடி தோன்றுகிறது. எடை கூடினால் இன்சுலினுக்கு இணங்காத தன்மை மேலும் கூடி, சுழல் இறுகுகிறது. இந்தச் சுழலில் சிக்கிய பெண்ணிடம் முதலில் எடையைக் குறைத்துவிட்டு வா என்று மட்டும் சொல்லி அனுப்புவது, கயிற்றால் கட்டப்பட்டவரிடம் முதலில் ஓடு என்று சொல்வதைப் போன்றது. ஆயினும், உடல் எடையில் ஐந்து முதல் பத்து விழுக்காடு குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகத் தொடங்குகிறது என்பது ஆறுதல் தரும் உண்மை. தைராய்டைப் பற்றிய பொதுநம்பிக்கையோ மிகையானது. அதன் குறைபாட்டால் கூடும் எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் பெரும்பகுதி உடலில் தேங்கும் நீரும் உப்பும்.

இருபதைத் தாண்டினால் உடல் எரிக்கும் ஆற்றல் மந்தமாகிவிடும், ஆகவே எடை கூடும் என்ற விளக்கமும் நிலைக்கவில்லை. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டோரின் அன்றாட ஆற்றல் செலவை ஆராய்ந்து 2021ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, உடலின் அளவுக்கேற்பக் கணக்கிட்டால் இருபதிலிருந்து அறுபது வயது வரை அது ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது என்று கண்டது. மாறுவது உணவும் உழைப்பும்தான். கெவின் ஹால் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பெரிதும் பதப்படுத்தப்பட்ட உணவையும் இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவையும் பரிமாறினார். பரிமாறப்பட்டவற்றில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமப்படுத்தப்பட்டிருந்தன. வேண்டிய மட்டும் உண்ணலாம் என்று விடப்பட்டபோது, பதப்படுத்தப்பட்ட உணவு கிடைத்த நாள்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டு, இரண்டே வாரத்தில் 0.9 கிலோ கூடினர். 18 முதல் 30 வயது வரையிலான அமெரிக்கர்களை 1985ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து கவனித்துவரும் கார்டியா ஆய்விலும், வாரத்துக்கு இருமுறைக்கு மேல் துரித உணவகங்களில் உண்டவர்கள், வாரத்துக்கு ஒருமுறைக்கும் குறைவாக உண்டவர்களைவிடப் பதினைந்து ஆண்டுகளில் 4.5 கிலோ மிகுதியாகக் கூடியிருந்தனர்.

தமிழ்நாட்டின் நிலையும் இதையே சொல்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் மிகை எடை கொண்டோர் 2015–16இல் 30.9 விழுக்காடாக இருந்து 2019–21இல் 40.4 ஆகவும், ஆண்களில் 28.2இலிருந்து 37 ஆகவும் உயர்ந்தனர். நான்கைந்து ஆண்டுகளில் ஒரு மக்களின் மரபணு மாறுவதில்லை. இந்தக் கணக்கில் மிகை எடை என்பது, எடையைக் கிலோவில் எடுத்து மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடல் நிறைக் குறியீடு 25ஐ எட்டுவது. இந்தியர்களுக்கு இந்த அளவுகோலே போதாது என்பதைப் புனே நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் ஜான் யுட்கினும் 2004ஆம் ஆண்டு தங்கள் உடல்களையே சான்றாக்கி எழுதினர். இருவருக்கும் குறியீடு 22.3, உடலில் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு என்ற இந்த அமைப்பு காரணமாக இந்தியர்களுக்கு 23ஐ எட்டினாலே மிகை எடை, 25ஐ எட்டினால் பருமன் என்றும், இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை என்றும் மருத்துவர்கள் வகுத்துள்ளனர். உடம்பில் ஒட்டவில்லை என்று வீட்டார் கவலைப்படும் இளைஞரின் கல்லீரலைச் சுற்றிக் கொழுப்பு சத்தமின்றி ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், எடைக் கருவியோடு ஒரு நாடாவும் கையில் இருப்பது நல்லது.

உடற்பயிற்சி மரபணுவின் பிடியைத் தளர்த்துகிறது என்பதற்கு உறுதியான சான்று உண்டு. 2 லட்சத்து 18 ஆயிரம் பேரின் தரவுகளைத் தொகுத்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், உடலுழைப்பு உடையவர்களிடம் எஃப்.டி.ஓ. வடிவத்தால் நேரும் பருமன் வாய்ப்பு 27 விழுக்காடு குறைந்திருந்தது. கூடிய எடையைக் குறைப்பதுதான் மிகக் கடினம். மெல்போர்னில் பத்து வார உணவுக் கட்டுப்பாட்டால் பதின்மூன்று கிலோ அளவுக்கு இழந்தவர்களை ஓராண்டு கழித்து அளந்தபோதும், லெப்டின் தாழ்ந்தும் கிரெலின் உயர்ந்தும் பசி மிகுந்துமே இருந்தன. உடல் இழந்ததைத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தது. உண்டபின் குடலிலிருந்து சுரந்து நிறைவை உணர்த்தும் ஹார்மோனைப் போலச் செயல்படும் செமாகுளூட்டைடு என்னும் ஊசிமருந்து, 68 வாரங்களில் உடல் எடையைச் சராசரியாக 15 விழுக்காடு வரை குறைத்தது. மருந்தை நிறுத்தியவர்களிடம் ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவந்துவிட்டது.